எஃப். ஆல்பர்ட் காட்டன்: எம்.ஐ.டி.யை விட்டு டெக்சாஸ் போனது ஏன்? கருத்தரங்கில் எப்படிச் சொல்வது?

கேள்வி: நெல்லை_மீனா

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு வேதியியலாளரின் ஆய்வு வாழ்க்கையைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று துறையில் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் பெரும்பாலானவர்கள் நோபல் வாங்கியவர்களை எடுத்துக்கொண்டார்கள். நான் காட்டனை எடுத்தேன். தினமும் கையில் வைத்துப் படிக்கிற கனிம வேதியியல் புத்தகத்தின் அட்டையில் முதல் பெயர் அவருடையது. ஆனால் அவர் என்ன செய்தார் என்று கேட்டால் எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் சேர்த்தது இவ்வளவுதான். 1930-ல் பிலடெல்பியாவில் பிறப்பு. 1951-ல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம். 1955-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம், நெறியாளர் ஜெஃப்ரி வில்கின்சன். அதே வருடம் எம்.ஐ.டி.யில் (அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம்) வேலை. 1961-ல், 31 வயதில் முழுப் பேராசிரியர். 1972-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம். 1600-க்கும் மேல் கட்டுரைகள். 2007-ல் மறைவு. இதை அப்படியே வாசித்தால் பயோடேட்டா படித்த மாதிரி ஆகிவிடும்.

எனக்கு மூன்று சந்தேகங்கள். எம்.ஐ.டி.யில் இருந்தவர் ஏன் டெக்சாஸுக்குப் போனார்? வில்கின்சனுக்கு 1973-ல் நோபல் கிடைத்ததே, இவருக்கு ஏன் கிடைக்கவில்லை? நாற்பிணைப்பை (இரண்டு உலோக அணுக்களுக்கு நடுவே நான்கு பிணைப்புகள்) கண்டுபிடித்தவர் என்று எல்லா இடத்திலும் ஒரு வரி வருகிறது, அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை மேடையில் புரியும்படி எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் உதவுங்கள்.

---

பதில்: திருச்சி_ஆய்வாளர்

நல்ல ஆளை எடுத்திருக்கிறீர்கள். ஃபெரோசீனில் ஆரம்பியுங்கள். 1951 கடைசியில் அந்த ஆரஞ்சுப் பொடி பற்றிய முதல் அறிக்கை வந்தது. 1952-ல் அதற்கு சாண்ட்விச் அமைப்பு, அதாவது இரண்டு கரி வளையங்களுக்கு நடுவே ஒரு இரும்பு அணு, என்று ஹார்வர்டிலிருந்து வில்கின்சனும் உட்வர்டும் எழுதினார்கள். காட்டன் ஆய்வு மாணவராக ஹார்வர்டுக்குள் நுழைந்தது சரியாக அந்த 1951-ல். வில்கின்சனும் அப்போதுதான் உதவிப் பேராசிரியராக அங்கே வந்திருந்தார். ஃபெரோசீனின் உருவாதல் வெப்பத்தை அளந்து இருவரும் சேர்ந்து 1952-லேயே ஒரு கட்டுரை போட்டுவிட்டார்கள். சேர்ந்து ஒரு வருடம் ஆன மாணவருக்கு, உலகமே பேசிக்கொண்டிருந்த சேர்மத்தில் கட்டுரை.

டெக்சாஸ் விஷயம் எனக்கு முழுசாகத் தெரியாது. இங்கே ஒரு மேடம் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுகிறேன்.

---

பதில்: ஓய்வுபெற்ற_கனிம_ஆசிரியை

மீனா, கேள்வியைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் என் பணிக்காலம் முழுக்கப் பாடம் எடுத்தேன். வைலி ஈஸ்டர்ன் போட்ட இந்தியப் பதிப்பு, தாள் மஞ்சளாகிப்போனது, இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அட்டையில் இருக்கும் மனிதரைப் பற்றி ஒரு மாணவர்கூட அந்த நாளில் என்னிடம் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ சேர்த்த பட்டியலில் எல்லாம் சரி, ஆனால் ரீனியம் இல்லை. காட்டனின் வாழ்க்கையில் ஒரே ஒரு நிகழ்ச்சியைத்தான் சொல்ல நேரம் இருக்கிறது என்றால் 1963, 1964 ஆகிய இரண்டு வருடங்களை மட்டும் சொல். மற்ற பதவியும் பதக்கமும் ஒரு ஸ்லைடில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இரு.

அந்தக் கதை இப்படி. ரீனியம் யாரும் பெரிதாகச் சீண்டாத தனிமம். அணு எண் 75, அரிது, விலை அதிகம். சீசியம், ரீனியம், குளோரின் மூன்றும் சேர்ந்த ஒரு சிவப்பு உப்பு இருந்தது. வாய்பாட்டை எழுதினால் ஒரு ரீனியத்துக்கு நான்கு குளோரின். அப்படியென்றால் நான்முகி அமைப்பு என்று எழுதி வைத்திருந்தார்கள். காட்டனின் ஆய்வகத்தில் பெர்ட்ரண்டும் டோலாஸும் அதன் படிகத்தை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தால், தனித்தனி ரீனியமே இல்லை. மூன்று ரீனியம் அணுக்கள் முக்கோணமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இடைவெளி ஏறக்குறைய 2.48 ஆங்ஸ்ட்ராம். உலோக ரீனியத்துக்குள்ளேயே அணுக்களுக்கு நடுவே சுமார் 2.75 ஆங்ஸ்ட்ராம் இருக்கிறது. உலோகத்தில் இருப்பதைவிட நெருக்கமாக உலோக அணுக்கள் ஒரு உப்புக்குள் எப்படி இருக்க முடியும்? இரட்டைப் பிணைப்பு இருந்தால்தான் முடியும். இது 1963.

அதே குளோரைடை நீர்க்கரைசலில் தயாரிக்க முடியுமா என்று பார்க்கப் போனார்கள். பெர்ரீனேட்டை (ரீனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு) அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒடுக்கியபோது சிவப்பு உப்பு வரவில்லை. அடர்நீல நிறத்தில் வேறொன்று வந்தது. இந்த நீலத்தை மேடையில் அழுத்திச் சொல், பின்னால் வேலைக்கு வரும்.

நீலப் படிகத்தின் அமைப்பைத் தீர்த்தவர் சார்லஸ் ஹாரிஸ் என்ற மாணவர். இரண்டு ரீனியம், எட்டு குளோரின். ஒவ்வொரு ரீனியத்தைச் சுற்றியும் நான்கு குளோரின் சதுரமாக. இரண்டு சதுரங்களையும் பாலம்போல் இணைக்கும் ஈனி (உலோகத்தோடு ஒட்டி நிற்கும் அணு அல்லது மூலக்கூறு) எதுவும் கிடையாது. ரீனியத்துக்கும் ரீனியத்துக்கும் நடுவே 2.24 ஆங்ஸ்ட்ராம். முக்கோணத்தில் பார்த்ததைவிட இன்னும் குறைவு.

ஆனால் என்னை இன்றைக்கும் பிடித்து நிறுத்துவது அந்த எண் இல்லை, குளோரின்கள் நிற்கும் விதம். இந்தப் பக்கத்து நான்கு குளோரினும் அந்தப் பக்கத்து நான்கு குளோரினுக்கும் நேர் எதிரே நிற்கின்றன. எதிரெதிர் குளோரின்களுக்கு நடுவே சுமார் 3.3 ஆங்ஸ்ட்ராம்தான். வான் டெர் வால்ஸ் ஆரங்களைக் கூட்டினால் 3.6 வரும். ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுகிற தூரத்தில் நிற்கின்றன. ஒரு சதுரத்தை 45 பாகை திருப்பிவிட்டால் நெருக்கடி தீர்ந்துவிடும். திருப்புவதற்கு வெளியிலிருந்து எந்தத் தடையும் இல்லை. இருந்தும் திரும்பவில்லை. ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது.

இங்கேதான் காட்டன் கணக்குப் போட்டார். ரீனியம் மூன்று நேர்மின் நிலையில் டி எலக்ட்ரான் நான்கு. இரண்டு ரீனியத்துக்கும் சேர்த்து எட்டு. அச்சு வழியே ஒரு சிக்மா, பக்கவாட்டில் இரண்டு பை. இதற்கு ஆறு எலக்ட்ரான் போயிற்று. மிச்சம் இரண்டு. ஒவ்வொரு ரீனியத்திலும் எக்ஸ்-ஒய் தளத்தில் குளோரின்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் டி ஆர்பிட்டால் மிச்சம் இருக்கிறது. நான்கு இதழ் கொண்ட இரண்டு பூக்களை முகத்துக்கு முகம் வைத்தால் இதழோடு இதழ் பொருந்துவதுபோல அவை இரண்டும் மேற்பொருந்தினால் அது டெல்டா பிணைப்பு. 45 பாகை திருப்பினால் அந்தப் பொருத்தம் சுத்தமாகப் பூஜ்யம். சதுரங்கள் திரும்பாமல் நிற்பதற்குக் காரணம் அதுதான். சிக்மா ஒன்று, பை இரண்டு, டெல்டா ஒன்று: நான்கு பிணைப்பு.

1964 செப்டம்பரில் 'சயன்ஸ்' இதழில் அறிவித்தார்கள். அதுவரை எந்தப் பாடப்புத்தகத்திலும் பிணைப்பு வரிசை மூன்றோடு முடிந்துவிடும். கார்பனுக்கு அதுதான் எல்லை, நைட்ரஜனுக்கும் அதுதான். டி ஆர்பிட்டால் உள்ள உலோகங்களுக்கு அந்த எல்லை பொருந்தாது என்பதை ஒரு நீலப்படிகம் காட்டிவிட்டது. அந்த நீலம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? டெல்டா எலக்ட்ரான் டெல்டா எதிர்ப்பிணைப்பு மட்டத்துக்குத் தாவுவதால். இரண்டு மட்டங்களுக்கும் நடுவே இடைவெளி சிறியது, அதனால் சிவப்பு ஒளியே போதும், சுமார் 700 நானோமீட்டரில் உட்கவர்கிறது. சிவப்பை விழுங்கினால் கண்ணுக்கு நீலம்தானே தெரியும். நான்காவது பிணைப்பு பலவீனமானது என்பதற்கும் அதே நிறம் சாட்சி.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள். இப்படி ஒரு பிணைப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு பழைய சேர்மங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். குரோமியம்(இரண்டு) அசிட்டேட் இருக்கிறதே, சிவப்புப் படிகம், நீங்களே செய்முறையில் தயாரித்திருப்பீர்கள். பிரான்சில் பெலிகோ அதைத் தயாரித்தது 1844-ல். அதற்குள்ளே குரோமியத்துக்கும் குரோமியத்துக்கும் நடுவே நாற்பிணைப்பு இருந்திருக்கிறது. 120 வருடம் எல்லார் குடுவையிலும் இருந்தது, யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை.

இனி டெக்சாஸ். இதில் ஊர்வம்பு தேட வேண்டாம் மீனா. 1972-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அவருக்கு ராபர்ட் வெல்ச் பேராசிரியர் பதவியைக் கொடுத்தது. ராபர்ட் வெல்ச் எண்ணெயில் சம்பாதித்த ஹூஸ்டன் செல்வந்தர். அவருடைய சொத்திலிருந்து 1954-ல் உருவான அறக்கட்டளை டெக்சாஸில் வேதியியல் ஆராய்ச்சிக்கென்றே பணம் செலவழிக்கிறது. அந்தப் பணம் டெக்சாஸ் எல்லையைத் தாண்டாது, ஆளைத்தான் டெக்சாஸுக்கு வரவழைக்கும். மறுபக்கம், ஏ அண்ட் எம் என்பது வேளாண்மை, இயந்திரத் தொழில், ராணுவப் பயிற்சி என்று இருந்த கல்லூரி. பல்கலைக்கழகம் என்ற பெயரே 1963-ல்தான் கிடைத்தது, பெண்களைச் சேர்க்க ஆரம்பித்ததும் அதே வருடம்தான். பெரிய ஆராய்ச்சி நிலையமாக வளர வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த இடம். 42 வயதில் ஒருவர் அங்கே போய் மூலக்கூறு அமைப்புக்கும் பிணைப்புக்கும் என்று தனி ஆய்வகம் அமைத்து, 35 வருடம் அதைவிட்டு நகரவில்லை. குதிரையேற்றத்தில் பிரியம் உள்ளவர், ஊருக்கு வெளியே பண்ணையில் வாழ்ந்தார். பாஸ்டனை விட்டதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பது என் கருத்து. கனிம வேதியியல் என்றால் இன்றைக்கு டெக்சாஸ் ஏ அண்ட் எம் பெயரும் வருகிறது என்றால் அதில் பெரும் பங்கு அவருடையது.

அவரும் வில்கின்சனும் சேர்ந்து எழுதிய அந்தக் கனிம வேதியியல் புத்தகத்தைப் பற்றிக் கட்டாயம் சொல். 1962-ல் முதல் பதிப்பு வந்தபோது காட்டனுக்கு 32 வயது. வில்கின்சன் 1955-லேயே லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போய்விட்டார். ஒருவர் லண்டனில், ஒருவர் மாசசூசெட்ஸில், நடுவே அட்லாண்டிக். அதற்கு முன் கனிம வேதியியல் என்றால் தாது, பிரித்தெடுக்கும் முறை, பண்புகள், பயன்கள் என்று தனிமம் தனிமமாக ஒப்பிக்கிற பாடம். அமைப்பையும் ஈனிப்புலக் கொள்கையையும் முதலில் வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு தனிமத்தையும் பேச வைத்த புத்தகம் இது. அடுத்த வருடமே, 1963-ல், மூலக்கூறுகளின் சமச்சீரைக் கணக்கிடும் குழுக் கோட்பாட்டுப் புத்தகத்தைத் தனியாக எழுதி வெளியிட்டார். ரீனியம் முக்கோணம் வந்த அதே வருடம், கவனித்தாயா? டெல்டா பிணைப்பை உடனே அடையாளம் கண்டதற்கு அந்தச் சமச்சீர்க் கணக்கு கையில் தயாராக இருந்தது ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

---

பதில்: படிகவியல்_குமரன்

மேடம் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, சோவியத் தரப்பு. அந்த நீல வகைச் சேர்மங்களை முதலில் தயாரித்தவர்கள் மாஸ்கோக்காரர்கள், 1950-களிலேயே. குஸ்நெட்சோவும் கோஸ்மினும் 1963-ல் ஒரு பிரிடீனியம் உப்பின் அமைப்பை வெளியிட்டார்கள். ரீனியம்-ரீனியம் தூரம் 2.22 ஆங்ஸ்ட்ராம் என்று அவர்களும் அளந்திருந்தார்கள். ஆனால் ரீனியத்தை இரண்டு நேர்மின் நிலை என்று எடுத்துக்கொண்டு, மின்சுமை சரியாக வருவதற்காக வாய்பாட்டில் கூடுதலாக ஹைட்ரஜனைச் சேர்த்து எழுதினார்கள். எக்ஸ் கதிருக்கு ஹைட்ரஜன் கண்ணில் படாது, அதுவும் பக்கத்தில் ரீனியம் மாதிரி 75 எலக்ட்ரான் உள்ள அணு இருந்தால் சுத்தமாகப் படாது. அதனால் அந்த ஹைட்ரஜன் அங்கே இல்லை என்று படிகத்தை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. காட்டன் குழு அதை நீக்கி, ரீனியம் மூன்று நேர்மின் நிலை என்று எழுதியதும்தான் எட்டு எலக்ட்ரான் கணக்கு பொருந்தியது. தூரத்தை அளந்த பெருமை மாஸ்கோவுக்கும் உண்டு, அதற்குப் பொருள் சொன்ன பெருமை காட்டனுக்கு. கருத்தரங்கில் இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது.

இரண்டு, புரதம். காட்டன் என்றால் உலோகப் பிணைப்பு மட்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எம்.ஐ.டி.யில் அவரும் எட்வர்ட் ஹேசனும் ஸ்டாஃபிலோகாக்கல் நியூக்ளியேஸ் என்ற நொதியின் படிக அமைப்பைத் தீர்த்தார்கள். புரத அமைப்புகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேலையில் இருந்த மாணவர் டேவிட் ரிச்சர்ட்சன், கூடவே வேலை பார்த்தவர் அவர் மனைவி ஜேன் ரிச்சர்ட்சன். உயிர்வேதியியல் புத்தகங்களில் புரதத்தைச் சுருள் நாடாவும் அம்புக்குறியுமாக வரைகிறார்களே, அந்த வரைமுறையைப் பின்னால் உருவாக்கியவர் ஜேன்தான். அதே ஆய்வகத்தில் 1970-ல் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இருந்தவர் அடா யோனத். ரைபோசோம் (செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் துகள்) அமைப்புக்காக 2009-ல் அவரோடு நோபலைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ஒரு கனிம வேதியியலாளரின் ஆய்வகத்திலிருந்து ரைபோசோம் வரைக்கும் ஒரு கோடு போடலாம்.

---

பதில்: கரிமம்_கார்த்தி

எல்லாம் சரி. ஆனால் 1600 கட்டுரை என்பதை ஒரு சாதனையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. 50 வருடம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 32. பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும்: உலோகத்தை மாற்று, ஈனியை மாற்று, படிகம் வளர்த்து அமைப்பைப் போடு. நாங்கள் ஒரு சேர்மத்தைத் தொகுக்க மாதக்கணக்கில் உட்காருகிறோம். எண்ணிக்கையை வைத்து ஒருவரைப் பெரியவராக்கினால் இப்போதிருக்கும் மாணவர்களுக்குத் தவறான பாடம் போகும். நோபல் வராததற்கும் இது காரணமாக இருக்கலாமோ?

---

பதில்: நெல்லை_மீனா

மேடம், அண்ணன்மார் எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குரோமியம் அசிட்டேட் போன வருடம் செய்முறையில் தயாரித்தோம் மேடம், அதில் நாற்பிணைப்பு என்று யாரும் சொல்லவில்லை. கார்த்தி அண்ணன் கேட்டதை எங்கள் துறைத்தலைவரும் நிச்சயம் கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது? அவருடைய மாணவர்கள் யார் யார் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பதில்: ஓய்வுபெற்ற_கனிம_ஆசிரியை

குமரன், சோவியத் தரப்பைச் சொன்னதற்கு நன்றி. மீனா, அதை உன் குறிப்பில் கட்டாயம் சேர்த்துக்கொள்.

கார்த்தி தம்பி சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. எண்ணிக்கையை மேடையில் சொல்லாதே மீனா, நானும் முதலிலேயே அதைத்தான் சொன்னேன். ஆனால் வரிசையாகப் படிக அமைப்புகளைப் போட்டதை வெறும் இயந்திர வேலை என்று தள்ளிவிட மாட்டேன். டெல்டா பிணைப்பு உண்மையிலேயே இருக்கிறதா, அது தூரத்தை எவ்வளவு குறைக்கிறது என்பதை ஒரே சேர்மத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஈனியை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு எலக்ட்ரானை எடுக்க வேண்டும், தூரம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு உலோகத்தை மாற்ற வேண்டும். குரோமியம், மாலிப்டினம், டங்ஸ்டன், டெக்னீசியம், ரீனியம், ருத்தேனியம், ரோடியம் என்று தனிம அட்டவணையில் குறுக்கும் நெடுக்குமாக நடக்க வேண்டும். அப்படி நடந்தால் கட்டுரைகள் சேரத்தான் செய்யும். வரிசை இல்லாமல் ஒப்பீடு இல்லை. அவற்றில் சில சலிப்பூட்டும் என்பதையும் மறைக்கவில்லை, நானே எத்தனையோ பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

அந்த நீண்ட வரிசையின் கடைசிப் பக்கத்தில் என்ன கிடைத்தது பார். 2002-ல், 72 வயதில், மறுபடியும் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை. இரண்டு டங்ஸ்டன் அணுக்கள் நாற்பிணைப்பில், அவற்றைச் சுற்றி நைட்ரஜன் நிறைந்த நான்கு குவானிடினேட் ஈனிகள் நீராவிக் கப்பலின் துடுப்புச் சக்கரத்துத் தகடுகளாக நிற்கின்றன. அந்த மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானை எடுக்க 3.51 எலக்ட்ரான் வோல்ட்டிலேயே அயனியாதல் ஆரம்பித்துவிடுகிறது. சீசியத்துக்கு 3.89 என்று பிளஸ் டூவிலேயே அட்டவணையில் பார்த்திருப்பீர்கள், மிக எளிதில் எலக்ட்ரானை விடும் தனிமம் அதுதான் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். எல்லா எலக்ட்ரானும் இணைசேர்ந்து நிற்கிற ஒரு மூலக்கூறு சீசியத்தைத் தோற்கடித்துவிட்டது. அந்த எலக்ட்ரான் எங்கே இருந்தது? டெல்டா பிணைப்பில். 1964-ல் ஆரம்பித்த அதே ஆர்பிட்டால். கார்த்தி, இதைத் தொகுத்தவர்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்கள்தான். காற்று பட்டால் கெட்டுவிடும் சேர்மம்.

இன்னொரு வேலையையும் விட்டுவிடாதே, உனக்கு என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்திசைவு நிறமாலை) பாடத்திலும் உதவும். ஒரு இரும்புச் சேர்மம், அதில் இரண்டு ஐந்துகரி வளையங்கள், இரண்டு கார்பனைல். ஒரு வளையம் ஐந்து கரியாலும் இரும்பைப் பிடித்திருக்கிறது, மற்றது ஒரே ஒரு கரியால். ஒரே கரியால் பிடித்த வளையத்தில் மூன்று வகை ஹைட்ரஜன் இருக்க வேண்டும், ஆனால் அறை வெப்பநிலையில் நிறமாலையில் அதற்கு ஒரே ஒரு கோடு. வளையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இரும்பு ஒவ்வொரு கரியாகத் தாவுகிறது என்று பைப்பரும் வில்கின்சனும் 1956-ல் சொன்னார்கள். பத்து வருடம் கழித்து, 1966-ல், காட்டனின் ஆய்வகம் அந்தச் சேர்மத்தைக் குளிர்வித்து நிறமாலை எடுத்தது. குளிரக் குளிரக் கோடு அகன்று பிரிந்தது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே சீராகப் பிரியவில்லை, ஒரு பக்கம் சீக்கிரம் சரிந்தது. அந்தச் சீரின்மையை வைத்து, இரும்பு அடுத்தடுத்த கரிக்குத்தான் தாவுகிறது, கண்ட இடத்துக்கு அல்ல என்று நிறுவினார்கள். குருநாதர் சொன்ன யூகம், மாணவர் கொண்டுவந்த ஆதாரம்.

அந்த 1966 கட்டுரையில் பெயர் உள்ளவர்களில் ஒருவர் ஸ்டீபன் லிப்பார்ட். 1965-ல் காட்டனிடம் முனைவர் பட்டம் வாங்கியவர். 1964 ரீனியம் கட்டுரையிலும் இருக்கிறார். பின்னாளில் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து டி.என்.ஏ.வை எப்படி வளைக்கிறது என்பதைக் காட்டியவர், உயிர்க்கனிம வேதியியலில் பெரிய பெயர். டோபின் மார்க்ஸ் 1970-ல் பட்டம் பெற்று நார்த்வெஸ்டர்ன் போனார், வினையூக்கத்திலும் மின்னணுப் பொருள்களிலும் அவர் பெயரைப் பார்ப்பாய். நீலப்படிகத்தைத் தீர்த்த சார்லஸ் ஹாரிஸ் பெர்க்லியில் பேராசிரியரானார். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் மட்டும் நூற்றுக்கு மேல். உன் துறைத்தலைவர் கேட்டால் கட்டுரை எண்ணிக்கைக்குப் பதில் இந்தப் பெயர்களைச் சொல்.

நோபல் விஷயம். 1973-ல் பரிசு எதற்கு என்று பார்: சாண்ட்விச் சேர்மங்களுக்கு, எர்ன்ஸ்ட் ஓட்டோ ஃபிஷருக்கும் வில்கின்சனுக்கும். அந்த வேலை ஆரம்பித்தபோது காட்டன் அங்கே மாணவர். ஆகவே அந்தப் பரிசில் அவருக்கு இடம் இருந்திருக்க வேண்டும் என்று கேட்பது சரியில்லை. உட்வர்டே அந்தப் பரிசில் தன் பெயர் இல்லை என்று நோபல் குழுவுக்குக் கடிதம் எழுதினார். நாற்பிணைப்புக்குக் கொடுத்திருக்கலாமா? கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கார்த்தி சொல்கிற எண்ணிக்கைதான் காரணமா என்பதை நம்மால் சொல்ல முடியாது, நியமன ஆவணங்களை 50 வருடம் மூடித்தான் வைப்பார்கள். 1982-ல் அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கம், 1998-ல் பிரீஸ்ட்லி பதக்கம், 2000-ல் வுல்ஃப் பரிசு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோ.

கடைசியாக, மேடையில் செய்ய வேண்டியது. ஸ்லைடில் ஆயத்தப் படத்தை ஒட்டாதே. கரும்பலகையில் இரண்டு சதுரங்களை ஒன்றின் பின்னால் ஒன்றாக வரை, எட்டு மூலையிலும் குளோரின், நடுவில் இரண்டு ரீனியம். 2.24, 3.3 என்று இரண்டு எண்களை மட்டும் எழுது. பிறகு வகுப்பைப் பார்த்து, "இது ஏன் திரும்பிக்கொள்ளவில்லை?" என்று கேட்டுவிட்டு அரை நிமிடம் பேசாமல் நில். யாராவது ஒருவர் டெல்டாவைச் சொல்ல முயற்சி செய்வார்கள். சொல்லவில்லை என்றால் அந்த நான்கு இதழ் ஆர்பிட்டாலை நீயே சதுரத்துக்குள் வரைந்து காட்டு. சந்தேகம் வந்தால் கருத்தரங்குக்கு முன்னாலேயே இங்கே கேள் மா, நான் தினமும் சாயங்காலம் பார்க்கிறேன்.